நடுரோட்டில் காய்ந்த நெல்

"ஏம்மா, இது ரோடா, இல்ல உங்க அப்பன் வூட்டுக் களமா?"

கார் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கத்தினான் லோகேஸ்வரன்.

பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு நெல் காய்ந்தது. சுற்றிலும் காவலுக்குக் கருங்கற்கள். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த பச்சையம்மாள் அசையவே இல்லை.

"எங்க அப்பன் வூடுதான் நைனா. மெதுவா ஓரமாப் போ."

கொழுப்பைப் பார்த்தீர்களா!

கார் ஊர்ந்தது. பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வண்டிகள். எல்லாம் அவன் குடியிருக்கும் புது லேஅவுட்டிலிருந்து திருப்பதிக்கு வேலைக்குப் போகிறவை. வீடு கட்டி விற்ற மகராசன் வீட்டை மட்டும்தான் கட்டினான். வெளியே போக வழி போடவில்லை. அத்தனை ஜனமும் பக்கத்துக் கிராமமான வேப்பங்குப்பத்தின் இந்த ஒற்றை ரோட்டில்தான் திமிறிக்கொண்டு போகவேண்டும். அதிலும் பாதி நெல்லுக்கு!

"மேனேஜர் நேத்தே சொல்லிட்டான்யா. இன்னொரு நாள் லேட்டா வந்தா வேலை கிடையாதாம். வீட்டு லோனை இவளா கட்டுவா?"

பக்கத்து சீட்டில் இருந்த ஹேமநாத் சிரித்தான். "போனீலே, போனாப் போவுது லோகேஷ். ஏழைப் பொம்பளை, ஏதோ காய வெக்கிறா. விட்டுடு."

"ஏழையா? நிலத்தை எல்லாம் லேஅவுட்டுக்கு வித்துக் காசு பாத்தவங்கய்யா இந்த ஊரு. சுத்துவட்டாரத்துல ஒரு வயக்காடு மிச்சம் இருக்கா சொல்லு. இன்னும் நெல்லு காய வெக்கிறாளாம், நெல்லு! ஞாயித்துக்கிழமை வந்து பாரு, ரோடு தொடைச்சு வெச்ச மாதிரி கிடக்கும். ஆபீஸ் போறவனை வதைக்கணும்னே உக்காந்துகினு இருக்கா."

அவன் சொன்னதில் என்ன தப்பு? நமக்கே வயிறு எரிகிறதே!

லோகேஸ்வரன் சும்மா விடவில்லை. இந்த ரோட்டுக்கு இடது பக்கம் ஒரு பஞ்சாயத்து, வலது பக்கம் வேறு பஞ்சாயத்து. விளக்கு எரியாவிட்டாலும் குழி விழுந்தாலும் இவர்கள் அவர்களைக் கைகாட்டுவார்கள், அவர்கள் இவர்களை. லோகேஸ்வரன் லேஅவுட் ஆட்களைத் திரட்டிக்கொண்டு இரண்டு ஆபீஸுக்கும் போய் உட்கார்ந்துவிட்டான். ஓட்டு நிறைய இருக்கிற இடம் அல்லவா? பஞ்சாயத்துத் தலைவர்களான இரண்டு சர்ப்பஞ்சுகளும் தலையை ஆட்டினார்கள்.

மறுநாளே டிராக்டர் வந்தது. இரண்டு பஞ்சாயத்து ஆட்களும் ஒன்றாகச் சேர்ந்து வந்து இறங்கியதை ஊரே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. லோகேஸ்வரன் அன்றைக்கு லீவு சொல்லிவிட்டு, காரை ஓரங்கட்டி வேடிக்கை பார்த்தான்.

"வேணாம்பா... வேணாம்பா..." பச்சையம்மாள் டிராக்டருக்குக் குறுக்கே விழுந்தாள். இரண்டு பேர் கையைப் பிடித்து அவளை இழுத்துவிட்டார்கள்.

ஒருவன் முறத்தால் வாரிப் பார்த்துவிட்டுக் கெக்கேபிக்கே என்று சிரித்தான். "சார், இது நெல்லே இல்ல சார். மொத்தமும் பதரு! மில்லுல தூத்திக் கொட்டின பதரை வாரியாந்து காய வெச்சிருக்கா!"

ஊதினான். பறந்தது.

"பைத்தியம்!" என்றான் லோகேஸ்வரன். இவளுக்காகவா இத்தனை நாள் மேனேஜரிடம் வசவு வாங்கினோம் என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த நாள் காலையில் ரோடு விரிந்து கிடந்தது. கார் பறந்தது. நேரத்துக்கு முன்னாலேயே வந்து நின்றவனைப் பார்த்து மேனேஜரே "பரவாயில்லையே!" என்றார். மதியம் பிரியாணி வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினான் லோகேஸ்வரன்.

சாயங்காலம் திரும்பும்போது வேப்பங்குப்பத்தில் கார் நகரவில்லை.

"மறுபடியும் கொட்டிட்டாளா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினான்.

நெல் இல்லை. கூட்டம். தரையில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. சின்னஞ்சிறு செருப்பு. இரண்டு பஞ்சாயத்து செக்ரட்டரிகளும் போலீஸ்காரரிடம் கையை நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அடிபட்டது அவங்க லிமிட் சார்."

"இல்ல சார், வண்டி வந்தது இவங்க பக்கமா!"

பஞ்சர் கடை இஸ்மாயில் லோகேஸ்வரனை ஏற இறங்கப் பார்த்தான். "ஸ்கூல் வுட்டு ஓடியாந்த புள்ள சார். கன்னிகான்னு பேரு, ரெண்டாங் கிளாசு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள உசுரு பூடுச்சு. உங்க லேஅவுட் காருதான்."

அப்போதுதான் லோகேஸ்வரன் நிமிர்ந்து பார்த்தான். தினமும் கடந்து போகிற அந்த மஞ்சள் சுவரில் ஒரு கேட் இருந்தது. பள்ளிக்கூடத்து கேட். பச்சையம்மாள் நெல் பரப்பிய இடத்துக்கு நேர் எதிரே.

"போன வருஷம் இதே எடத்துல ஒரு பையனுக்குக் கால் போச்சு," என்றான் இஸ்மாயில். "ஸ்பீட் பிரேக்கர் போடுங்கன்னு ரெண்டு ஆபீஸுக்கும் நடையா நடந்தா பச்சையம்மா. ஸ்கூல்ல புள்ளைங்களுக்குச் சோறாக்கிப் போடறவ சார் அவ. எங்க எல்லை இல்லேன்னு தொரத்தி வுட்டாங்க."

பதர் காய்ந்த இடத்திலேயே பச்சையம்மாள் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சின்னச் சாப்பாட்டுத் தட்டு. லோகேஸ்வரன் எதிரே போய் நின்றான்.

"ஏம்மா... அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அவள் திட்டவில்லை. அழக்கூட இல்லை.

"புள்ளைங்க ஓடுதுன்னு சொன்னப்ப ஒருத்தனும் மெதுவாப் போவல நைனா. நெல்லு மேல வண்டி ஏத்த மட்டும் யாருக்கும் மனசு வரல. அதான் பதரைக் கொட்டி வெச்சேன்."