பதினோரு நிமிடம்

போரில் நடக்கும் தாக்குதல்களின் வீடியோக்களைப் பார்த்து வகை பிரிப்பதுதான் அந்த அலுவலகத்தின் வேலை. எதையும் சட்டென்று முடித்துவிடுவதால் அங்கே வேலை பார்க்கும் அவளுக்கு ‘ரெண்டு நிமிஷம்’ என்று பட்டப்பெயர்.

“என்ன ரெண்டு நிமிஷம், மூணு நாளா ஒரே வீடியோவுல குடியிருக்க?” என்றார் பக்கத்து மேசைக்காரர். “வகை பிடிபடலையா?”

“பிடிபடாம என்ன. முதல் குண்டு கட்டடத்துக்கு. பதினோரு நிமிஷம் கழிச்சு ரெண்டாவது. அது காப்பாத்த ஓடி வர்றவங்களுக்கு.”

“அப்ப பதிஞ்சு விட வேண்டியதுதானே.”

“போன வாரமும் ரெண்டு இடத்துல இப்படித்தான் விழுந்துச்சு அண்ணே. நான்தான் அவசரத்துல ஒவ்வொரு குண்டையும் தனித்தனி தாக்குதல்னு பதிஞ்சிட்டேன்.”

“சரி, தப்பு யாருக்குத்தான் வராது. இப்ப திருத்திடு.”

அவள் வீடியோவை நிறுத்தினாள். புகைக்குள் ஓடிக்கொண்டிருந்த ஒருவன், ஒரு கையில் இரும்புக் கம்பியும் காதில் போனுமாக அப்படியே நின்றான்.

“அந்த நேரத்துல இவனுக்கு என்ன போன் வேண்டிக்கிடக்கு?” என்றார் அவர்.

“என்கிட்டதான் பேசுறான். என் தம்பி. ‘அக்கா, உள்ள ஆளுங்க கத்துறாங்க, போலாமா’ன்னு கேட்டான். ‘எங்க பதிவுப்படி ஒரு தாக்குதலுக்கு ஒரு குண்டுதான்டா போடுறாங்க, போ’ன்னு சொன்னேன்.”

அவள் அந்த வீடியோவுக்கான படிவத்தைத் திறந்தாள்.

படிவத்தில் ஒரு கேள்விதான் பாக்கியிருந்தது: ‘இரண்டாவது குண்டை முன்கூட்டியே கணித்திருக்க முடியுமா?’

‘முடியும்’ என்று எழுதினாள். கீழே, வகை பிரித்தவர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டாள்.