மச்சான், சட்டி

"மச்சான், சட்டி."

முஹ்ஸினா சொல்லி வாய் மூடவில்லை. ஸைஃபுல் வந்து ஆட்டுக்கறிச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, வந்த வழியே ஒதுங்கிக்கொண்டார்.

போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த குமுதாவுக்குத் திருப்தியில்லை. இதைத்தான் ஊரே பார்த்துவிட்டதே.

முஹ்ஸினாவின் சமையல் வீடியோவைப் பார்க்காத தமிழ் வீடு மலேசியாவின் பேராக் மாநிலத்தில் குறைவு. குழம்பு கொதித்ததும் புருஷனைக் கூப்பிட்டுச் சட்டியைத் தூக்கச் சொல்வாள். அந்த ஒரு வரிதான் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. 'கொடுத்து வச்சவ' என்று பெண்களும், 'எங்க மானத்த வாங்காதீங்க மச்சான்' என்று ஆண்களும் கீழே எழுதித் தள்ளுவார்கள்.

குமுதா ஈப்போவில் ஒரு சிறுநீரக நோயாளிகள் சங்கத்தில் விளம்பரப் பொறுப்பில் இருக்கிறாள். அதற்கு முன் சோபாக் கடையில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். முதல் மூன்று நொடியில் திரையைத் தள்ளும் விரலை நிறுத்தாவிட்டால் ஆள் போய்விடுவான் என்பது அங்கே கற்ற பாடம்.

வரும் ஞாயிறு, சித்தியவான் ஊர் மண்டபத்தில் சங்கத்தின் இலவசப் பரிசோதனை. போன வருடம் வந்தவர்களில் பாதிப் பேர் சங்கத்துக்காரர்கள். மீதிப் பேர் மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள்.

இந்த முறையும் மண்டபம் காலியாகக் கிடந்தால் சித்தியவானை மறந்துவிட வேண்டியதுதான் என்று தலைவர் ராமையா சொல்லிவிட்டார். கால் வீங்கிய பிறகே வந்து நிற்கும் ஜனங்களை நினைத்தால் குமுதாவுக்கு வயிறு எரியும். அதனால்தான் பேனரைச் சுருட்டி வைத்துவிட்டு, முஹ்ஸினாவைத் தேடிக் குனோங் ராபாட் வரை வந்திருக்கிறாள்.

வந்ததிலிருந்து மனதுக்குள் ஒரு கடுப்பு.

செவ்வாய், வியாழன், சனி மட்டும் கேட்காதீர்கள் என்று முஹ்ஸினா போனிலேயே சொல்லிவிட்டாள். காரணம் சொல்லவில்லை. பெரிய ஆள், இருக்கட்டும்.

குமுதாவுக்குக் குவளை நிறைய தே தாரிக் டீ கொடுத்துவிட்டுத் தான் மட்டும் சின்னக் கிண்ணத்தில் இரண்டு வாய் குடித்து மூடி வைத்தாள். உடம்பு ஏறிவிடுமாம் என்று குமுதா நினைத்துக்கொண்டாள்.

வெறுங்கையோடு போகக்கூடாது என்று குமுதா வழியில் பெலிம்பிங் வாங்கி வந்திருந்தாள். குறுக்கே அறுத்தால் நட்சத்திரமாக விழுமே, அந்தப் பழம். "பிள்ளைங்களுக்கு எடுத்துட்டுப் போங்க அக்கா" என்று முஹ்ஸினா சிரித்தபடி பையை மேசை ஓரத்துக்குத் தள்ளிவிட்டாள். ஒரு மரியாதைக்குக்கூட எடுத்துப் பார்க்கவில்லை.

போகட்டும், வேலை நடந்தால் சரி.

அப்போதுதான் குமுதாவுக்கு அந்த யோசனை வந்தது.

"முஹ்ஸினா, இன்னொரு தடவ எடுப்போம், மச்சானக் கூப்பிடாதீங்க. சட்டிய நீங்களே தூக்குங்க. அதப் பாத்தா எல்லாரும் நின்னுருவாங்க லா."

"அது மட்டும் முடியாது அக்கா."

"ஒரே ஒரு தடவ."

ஸைஃபுல் ஓரடி முன்னால் வந்தார். முஹ்ஸினா பார்வையாலேயே அவரை நிறுத்தினாள்.

குமுதாவுக்குக் கோபமே வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே நிற்கும் சுண்ணாம்பு மலையையா தூக்கச் சொன்னாள்? ஒரு சட்டி. அதற்கு இத்தனை பிகு.

முஹ்ஸினா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். குமுதாவின் கையைப் பிடித்து, தன் இடது முழங்கைக்குக் கீழே, பாஜு கூரோங் சட்டையின் நீளக் கைத்துணிமேல் வைத்தாள்.

துணிக்கடியில் ஏதோ இடைவிடாமல் அதிர்ந்தது. சத்தத்தை அடக்கி வைத்த போனுக்கு அழைப்பு வந்தால் அதிருமே, அப்படி.

குமுதாவுக்கு அது என்னவென்று தெரியும். அவளுடைய ஆபீசுக்குக் கீழ்மாடியில்தான் டயாலிசிஸ் மையம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நர்ஸ் இதே மாதிரி ஒருவரின் கையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். இயந்திரத்தின் ஊசி ஏறுவதற்காக ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்த இடம் அது. அந்தக் கையால் கனம் தூக்கக் கூடாது.

செவ்வாய், வியாழன், சனி. அளந்து குடித்த இரண்டு வாய் தேநீர்.

சங்கத்தில் இருந்துகொண்டு இதுகூடத் தெரியாமல் போய்விட்டதே என்று குமுதா கூனிக் குறுகிப் போனாள்.

"டயாலிசிஸ கமுந்திங் போய் செஞ்சுக்கிறேன் அக்கா. ஈப்போன்னா தெரிஞ்சவங்க பாத்துருவாங்க" என்றாள் முஹ்ஸினா. "சீக்காளின்னு தெரிஞ்சா என் குழம்ப யாரு பாப்பாங்க? என்னயத்தான் பாவமா பாப்பாங்க."

ஸைஃபுல் தலையைக் குனிந்துகொண்டு, ஏற்கெனவே அணைத்திருந்த அடுப்பை மறுபடி அணைத்தார்.

"மச்சான் ஏன் சட்டி தூக்குறாருன்னு எல்லாரும் கேட்டுக்கிட்டே இருக்காங்க. இன்னிக்குச் சொல்லிடுறேன். ஞாயித்துக்கிழமை ஆளு வரணும்ல. போனத் தூக்குங்க."

குமுதா தூக்கினாள்.

திரையில் முஹ்ஸினா, சட்டி, மேசை ஓரத்தில் பெலிம்பிங் பை. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அந்தப் பழம் விஷம் என்று சங்கத்துச் சுவரில் போஸ்டர் ஒட்டியவளே குமுதாதான்.

மறு கையால் பையை மெல்ல இழுத்துக் கீழே வைத்தாள்.

முஹ்ஸினா அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

வீடியோ அந்தச் சிரிப்பில்தான் தொடங்குகிறது.