ஒன்பது புள்ளி மூன்று ஒன்று

9.31.

டீச்சர் தாளைப் பார்த்தாள். பிறகு தாளை நீட்டிக்கொண்டு நின்ற பேச்சியம்மாளைப் பார்த்தாள்.

பன்னிரண்டு வருடமாக இந்த ஆய்வகத்தில் இயற்பியல் டீச்சர். தனி ஊசல் மேசையிலிருந்து இப்படி ஓர் எண் வந்ததே இல்லை.

நூலில் தொங்கும் குண்டை ஆட்டிவிட வேண்டும். இருபது ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்று நிறுத்துக் கடிகாரத்தில் பார்க்க வேண்டும். கணக்குப் போட்டால் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வரும். மக்குப் பிள்ளைக்குக்கூட வரும்.

இன்றைக்குப் பார்த்து, செய்முறைத் தேர்வு நாளில், மார்க்குப் போட வந்த வெளியூர்த் தேர்வாளர் நாலு மேசை தள்ளி உட்கார்ந்திருக்கும்போது, வகுப்பிலேயே முதலாக வரும் பிள்ளை 9.31 என்று எழுதிக்கொண்டு வந்து நிற்கிறது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏட்டி, நீ என்ன நிலாவுலயா நின்னு எடுத்த?"

"மூணு தடவ எடுத்தேன் டீச்சர். இதான் வருது. பின்பக்கத்துல..."

"பின்பக்கமும் வேண்டாம், முன்பக்கமும் வேண்டாம். மார்க்கு போயிரும். வேற தாள் வாங்கு. 9.8-ல இருந்து பின்னால வா. சொல்லிக் கொடுத்திருக்கேன்லா?"

சொல்லித்தான் கொடுத்திருந்தாள். வருடா வருடம். விடையை முதலில் எழுதிக்கொள். அந்த விடைக்கு எவ்வளவு விநாடி ஆகவேண்டுமோ அதை அளவு என்று எழுது. மூன்று அளவும் ஒன்றாக இருந்தால் சந்தேகம் வரும், கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொள். தேர்வு நாளில் கை நடுங்கும் பிள்ளைகள் மார்க்கைக் கோட்டைவிடக் கூடாதே என்றுதான். பக்கத்துப் பள்ளிகளிலும் இதுதான் வழக்கம். ஒருவரும் தப்பென்று நினைத்ததில்லை.

பேச்சியம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

கெட்டிக்காரப் பிள்ளை. எங்கே கோட்டைவிட்டது?

அதையாவது பார்ப்போம் என்று அவள் ஊசல் மேசைக்குப் போனாள். நூலை அளந்தாள். ஒரு மீட்டர், சரியாக இருந்தது. குண்டை லேசாக இழுத்து விட்டாள். சாவி கொடுத்து ஓடும் பழைய நிறுத்துக் கடிகாரம். அழுத்தினாள்.

இருபது ஆட்டம்.

41.2 விநாடி.

40.1 அல்லவா வரவேண்டும்.

கை தாமதமாகியிருக்கும். மறுபடி எடுத்தாள்.

41.1.

மறுபடி.

41.2.

சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். விநாடி முள் பன்னிரண்டைத் தொட்டதும் அழுத்தினாள். ஒரு சுற்று முடிந்து மறுபடி பன்னிரண்டைத் தொட்டதும் நிறுத்தினாள்.

கையிலிருந்தது அறுபத்தொன்றரை விநாடி காட்டியது.

அட கடவுளே.

சுவர்க் கடிகாரம் பிசக வழியில்லை. நிமிடத்துக்கு ஒன்றரை விநாடி பிசகினால் ஒரு நாளைக்கு அரை மணிக்கு மேல் போய்விடும். பள்ளி மணி அடிக்கும்போதே குட்டு வெளிப்பட்டிருக்கும். பிசகுவது இதுதான். இந்தக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒருத்தருக்கும் 9.8 வராது. தலைகீழாக நின்றாலும் வராது.

பீரோவைத் திறந்தாள். பழைய ரெக்கார்டு நோட்டுகள். கைக்கு வந்ததை எடுத்துப் புரட்டினாள்.

9.79.

9.81.

9.80.

9.80.

எல்லாம் இந்த மேசையில், இந்தக் கடிகாரத்தில் எடுத்தவை. ஒவ்வொன்றின் கீழும் சிவப்பு மையில் 'நன்று'. அவளுடைய கையெழுத்து.

ஒருத்திகூட அளக்கவில்லை.

ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். எத்தனை பிள்ளைகள்! அதில் எத்தனை பேர் இன்றைக்கு எங்கெங்கே என்னென்ன அளந்துகொண்டிருக்கிறார்களோ. நினைக்கவே பயமாக இருந்தது.

இல்லை. ஒருத்தி அளந்தாள்.

எழுந்து ஓடினாள். தேர்வாளரின் மேசைமுன் பேச்சியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அவர் புதுத் தாளில் மார்க்குப் போட்டுக் கையெழுத்தும் போட்டு முடித்திருந்தார்.

"9.80. மூணு ரீடிங்கும் கச்சிதம். நல்லாத் தயார் பண்ணியிருக்கீங்க டீச்சர்."

பேச்சியம்மாள் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை, வருத்தமும் இல்லை.

"நீங்க சொன்ன மாதிரியே வந்துட்டு டீச்சர்."

மூன்று அளவுகள். அந்தப் பிள்ளை ஊசல் பக்கமே வரவில்லை. இவ்வளவு நேரமும் ஊசல் மேசையில் நின்றது டீச்சர்தான்.

முதல் தாள் குப்பைக் கூடையில் கிடந்தது. நாலாக மடித்துப் போட்டிருந்தது. அவள் குனிந்து எடுத்தாள். பிரித்தாள். 9.31.

திருப்பினாள்.

'நிறுத்துக் கடிகாரத்தைச் சுவர்க் கடிகாரத்துடன் ஒப்பிட்டேன். 60 விநாடிக்கு 61.5 காட்டுகிறது. இந்தப் பிழையைத் திருத்தினால் 9.78.'

அடியில் இரண்டு கோடு. ஸ்கேல் வைத்துப் போட்டது.

"அடுத்த பேட்சக் கூப்பிடலாமா டீச்சர்?" என்றார் தேர்வாளர்.

வாசலில் பேச்சியம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு, உள்ளே வரக் காத்திருந்த தோழியிடம் பேசிக்கொண்டிருந்தாள். குரல் தெளிவாகக் கேட்டது.

"அரை மணி நேரத்த வீணாக்கிட்டேன்ட்டி. உனக்குச் சீட்டுல ஊசல் விழுந்தா ஆட்டிக்கிட்டுக் கிடக்காத. கடைசியில இருந்து எழுதிட்டு வா."

வாசல்வரை போனாள். கையில் அந்தத் தாள் விரிந்தபடியே இருந்தது.