கழற்றிப் போட்ட கம்பி

ஒரு மலையில் ஒரு சின்ன லாரி ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்சக்கரங்கள் இரண்டையும் அடியில் ஒரு ஸ்டெபிலைசர் கம்பி இணைத்திருந்தது. வளைவுகளில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை.

தார்ச்சாலை முடிந்து பாறைப்பாதை தொடங்கும் இடத்தில் டிரைவர் செபஸ்தியான் வண்டியை நிறுத்தினார். அடியில் படுத்து, கம்பியைக் கழற்றி லாரியின் பின்தட்டில் போட்டார். கம்பிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"இத்தனை வருஷம் தாங்கினவனைச் சாக்குமூட்டையோட போட்டுட்டானே. நான் இல்லாம ஒரு பாறை ஏறட்டும், பார்க்கிறேன்," என்றது பக்கத்தில் கிடந்த ஜாக்கியிடம்.

"பாரேன்," என்றது ஜாக்கி.

இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. வலது சக்கரம் பாறைமேல் ஏறியது. இரண்டும் தரையை விடவில்லை. லாரி நிதானமாக மேலே போயிற்று.

"இப்பதான் காலை நீட்ட முடியுது," என்றது வலது சக்கரம். "அந்தக் கிழடு இருந்தா, இடதுபக்கத்தான் பள்ளத்துல இறங்கும்போது என்னையும் சேர்த்து இழுக்கும்."

"நன்றி கெட்டதுகள்," என்று கம்பி வழிநெடுகப் பொருமியது.

மறுநாள் தார்ச்சாலைக்குத் திரும்பியதும் டிரைவர் கம்பியை மறுபடி மாட்டினார். முதல் கொண்டை ஊசி வளைவில் லாரி திரும்ப, பாரமெல்லாம் வலப்பக்கம் சரிந்தது.

"அண்ணே, பிடிச்சுக்குங்கண்ணே," என்று வலது சக்கரம் கதறியது.

"நேத்து கிழடு, இன்னைக்கு அண்ணனா?" என்று கம்பி சீறியது. சீறிக்கொண்டே இறுக்கிப் பிடித்தது.