ஏழாவது புள்ளி

“வித்துடுச்சு,” என்றாள் அம்ருதா. தோழியின் கையைப் பிடித்து இழுத்து இன்னொரு தடவை சொன்னாள். “வைஷு, என் படம் வித்துடுச்சு.”

படச் சட்டத்தின் கீழ் ஓரத்தில் சிவப்பாக ஒரு புள்ளி. டீ குடிக்கப் போனபோது இல்லை, திரும்பி வந்தால் இருக்கிறது. கண்காட்சியில் அந்தப் புள்ளிக்கு ஒரே அர்த்தம்தான். விற்றாயிற்று, இனி யாரும் கேட்க வேண்டாம்.

‘ஆம்ச்சி சாங்வி’, அதாவது ‘நம்ம சாங்வி’, கண்காட்சிக்கு அன்று கடைசி நாள். மராட்டி, மலையாளி, சிந்தி, பஞ்சாபி, தமிழ் என்று அந்தப் பேட்டையில் படம் வரைகிற இருபத்திரண்டு பேர் சேர்ந்து ஒரு கல்யாண ஹாலைப் பிடித்து மாட்டியிருந்தார்கள். அம்ருதாவுக்குக் கிடைத்த சுவரில் மொத்தம் ஏழு படங்கள். மற்றவர்களுடைய ஆறுக்கும் நேற்றே புள்ளி விழுந்துவிட்டது. அவள் வரைந்த வாகட் பாலம் மட்டும், கீழே வரிசையாய் நிற்கிற கம்பெனி பஸ்களோடு, கேட்பாரில்லாமல் தொங்கியது.

அவளால் எப்படி ஒரு இடத்தில் உட்கார முடியும்? ஹிஞ்சவடி கம்பெனிக்கு மூன்று மணிக்குள் பதில் போயாக வேண்டும், வேலையில் சேருகிறாளா இல்லையா என்று. ‘ஒரு படமாவது வித்துச்சுன்னா வேலைக்குப் போக மாட்டேன், வரையத்தான் போறேன்’ என்று அம்மாவிடம் சவால் விட்டிருந்தாள். மூன்று நாளாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

“யாருடி வாங்கினது?”

“தெரியல. நான் அந்தக் கோடியில நின்னுட்டிருந்தேன்,” என்றாள் வைஷு. அவளும் எதிர்ச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தாள். “விற்பனைக் கணக்கு பாக்கற ப்ரியம்வதா மேடம்தான் ஒட்டியிருப்பாங்க. சாப்பிடப் போயிருக்காங்க. வரட்டும், ரிஜிஸ்டர்ல பேரைப் பாத்துட்டு அப்புறமா குதி.”

“ரெண்டு தடவை போன் பண்ணிட்டேன், எடுக்கல.”

“அரை மணி நேரம் பொறுத்தா என்ன, செத்தா போயிடுவ?”

“என்னால அரை நிமிஷம்கூட முடியாது.”

நின்றபடியே மெயில் அடித்தாள். வாய்ப்புக்கு நன்றி, சேர இயலவில்லை. அனுப்பிவிட்டுத்தான் மூச்சு விட்டாள். மணி இரண்டே கால்.

“அம்மாகிட்ட சொல்லலையா?” என்றாள் வைஷு.

“அவங்க எங்க இங்க?”

வைஷு கண்ணால் காட்டினாள். வாசல் ஓரம் ஃபேனுக்கு அடியில் அம்மா சந்திரிகா உட்கார்ந்திருந்தாள், மடியில் டிபன் டப்பாவோடு. “நீ டீக்குப் போனதுமே வந்துட்டாங்க. ஹால் பூரா சுத்திப் பாத்தாங்க. உனக்குப் புளிசாதமாம்.”

அம்ருதா இருந்த இடத்திலிருந்தே பார்த்தாள். அம்மாவின் முகம் என்னவோ போல் இருந்தது. வெறிச்சென்று, எதையோ தொலைத்துவிட்ட மாதிரி.

“சவால்ல தோத்துட்டாங்கல்ல, அதான் மூஞ்சி அப்படி இருக்கு,” என்றாள். போய்ப் பேசவில்லை.

“ஏம்மா, இது நீ போட்டதா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். திரும்பினாள். அறுபது வயது மதிக்கத்தக்கவர், கையில் ஹெல்மெட். பேங்க்கில் இருந்து ரிடையர் ஆனவராம், பாணேரில் வீடாம், பெயர் சூர்யநாராயணன். பாலத்தின் முன்னால் நின்றவர் நகரவே இல்லை.

“என் பையன் தினம் இந்தப் பாலத்துலதான் ஒரு மணி நேரம் நிக்கறான். அந்த நாலாவது பஸ்ல ஜன்னல்ல தலைய சாய்ச்சுண்டு தூங்கறானே, அவனேதான். இத வாங்கி எங்க ஹால்ல மாட்டப்போறேன், எவ்வளவு சொல்லு.”

அம்ருதா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக இதைச் சொல்கிறாள். “சாரி அங்கிள். வித்துடுச்சு.”

அவர் குனிந்து புள்ளியைப் பார்த்தார். “அடடா. காலம்பறயே கிளம்பியிருக்கணும்.” மனசில்லாமல் எதிர்ச் சுவருக்குப் போனார். பத்து நிமிஷத்தில் வைஷுவின் பாஜிக்கடைப் படத்தைக் கேட்டு வாங்கி, அதை ஹெல்மெட்டோடு சேர்த்து அணைத்துக்கொண்டு கிளம்பியும் விட்டார்.

அவர் பைக் சத்தம் தேயும்போது ப்ரியம்வதா உள்ளே வந்தாள். வைஷு தன் படம் விற்ற விஷயத்தைச் சொல்ல, டிராயரைத் திறந்து ரிஜிஸ்டரை எடுத்து எழுதத் தொடங்கினாள்.

“மேடம், என்னோடத யார் வாங்கினாங்க?” என்று ஹிந்தியில் கேட்டாள் அம்ருதா.

ப்ரியம்வதா பக்கத்தைப் புரட்டினாள். முந்தின பக்கத்தையும் புரட்டினாள். “உன்னோடது இன்னும் போகலையே.”

“புள்ளி ஒட்டியிருக்கீங்களே.”

“நான் ஒட்டலையே. ஸ்டிக்கர் எல்லாம் இந்த டிராயர்லதான் இருக்கு, சாவி என்கிட்ட.”

அம்ருதா ஓடினாள். படத்தின் முன் மண்டியிட்டு அந்தப் புள்ளியை நகத்தால் தொட்டுப் பார்த்தாள். மற்ற ஆறும் வழவழவென்று காகிதம். இது மட்டும் வெல்வெட் மாதிரி மெத்தென்று இருந்தது. சுரண்ட ஆரம்பித்தாள்.

மூன்று நாளைக்கு அப்புறம் அம்மாவின் குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

“அத ஏன்டி பிய்க்கற? சுத்தி இருக்கற படத்துக்கெல்லாம் பொட்டு வெச்சிருக்காங்க, உன்னுது மட்டும் மூளியா நிக்குதேன்னு என் நெத்தில இருந்தத எடுத்து வெச்சேன்.”