உடையாத பூட்டு

மலைமேல் ஒரு விடுமுறை பங்களா. பக்கத்து பங்களாவில் திருடன் புகுந்துவிட்டான் என்று கேள்விப்பட்டதும், வீட்டுக்காரர் ஜன்னல்களுக்கெல்லாம் இரும்பு வலை அடித்தார். பீரோவில் வெள்ளிப் பாத்திரங்களை வைத்து, வாசலுக்குப் புதுப் பூட்டு மாட்டிவிட்டு, மனைவியோடு ஊருக்குக் கிளம்பினார். தன்னை நம்பித்தானே விட்டுப்போகிறார்கள் என்று பூட்டுக்கு உச்சி குளிர்ந்தது.

கொஞ்ச நேரத்தில், இரை தேடப் போயிருந்த பூனை ஓடி வந்தது.

"அண்ணே, கதவைத் திறங்க. பரண்மேல என் குட்டிங்க மூணும் இருக்கு. இன்னும் கண்ணுகூடத் திறக்கல."

"சாவி ஊருக்குப் போயிடுச்சும்மா. நானாத் திறக்க முடியாது."

பூனை வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. நுழைய ஓர் இடுக்கு இல்லை. குட்டிகள் உள்ளே கத்துவது பூட்டுக்கும் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் மத்தியானம், பனிமூட்டத்தில் ஒரு திருடன் கடப்பாரையோடு வந்தான்.

"இந்த ஒரு தடவை உடைஞ்சிடுங்கண்ணே" என்று பூனை கெஞ்சியது.

உடைந்துவிடலாம் என்றுதான் பூட்டும் நினைத்தது. ஆனால் அதன் இரும்பு அப்படி. திருடன் நெம்பி நெம்பிப் பார்த்து, கை சலித்துப் போய்விட்டான்.

மூன்றாம் நாள் உள்ளே சத்தம் நின்றது. அதற்குப் பிறகும் பூனை இரண்டு நாள் வாசற்படியிலேயே கிடந்தது. அப்புறம் எங்கோ போய்விட்டது.

அடுத்த மாதம் வீட்டுக்காரர்கள் வந்தார்கள். மனைவி நேரே ஓடிப்போய் பீரோவைத் திறந்து பார்த்தாள்.

"நல்லவேளைங்க, ஒண்ணுமே போகல!"

வீட்டுக்காரர் பூட்டை ஆசையாகத் தடவிக் கொடுத்தார். அது வாய் திறந்துதான் தொங்கியது. பேசத்தான் வரவில்லை.