என்.ஜி. பெட்டி

"மழைச் சத்தம் எல்லாம் இந்தப் பெட்டியில உண்டு. கொண்டு போ மக்கா," என்றார் மோகனன்.

அவர் முப்பது வருடம் சவுண்ட் இன்ஜினியராக இருந்த சினிமா ஸ்டுடியோவிலிருந்து, பழைய டேப்புகளை வாங்கிப்போக ஆரியங்கோட்டிலுள்ள அவர் வீட்டுக்கு வந்திருந்தாள் பிரசீதா. அலமாரியில் இன்னொரு பெட்டியும் இருந்தது. அதன்மேல் 'என்.ஜி.' என்று எழுதியிருந்தது. கெட்டுப்போன பதிவுகள்.

"இதைக் களைஞ்சிரலாமா சார்?"

"தொடாத! அது என் வீட்டுக்காரி ஓமனா செஞ்ச வேலையாக்கும். நான் ரப்பர் தோட்டத்துல மைக்கை வச்சு மழையைப் பிடிக்கும்போதுதான் அவ அடுக்களையில நின்னு கூப்பிடுவா. எவ்வளவு ஏசியிருப்பேன்!"

பிரசீதா சிரித்தாள். மேசைமேல் அவர் கண்டுபிடித்த கருவி இருந்தது. மழையில் கலந்த பேச்சை மட்டும் பிரித்து அது அழித்துவிடும் என்று ஸ்டுடியோவில் இன்றும் சொல்வார்கள்.

"இதுல போட்டா சேச்சி குரல் போயிருமே சார்."

"இப்ப அது அப்படி வேலை செய்யாது," என்றபடி ஒரு என்.ஜி. டேப்பை அதில் ஓடவிட்டார்.

சோவென்று கொட்டிய மழை மெல்லக் குறைந்து, அடியோடு நின்றது.

"எவ்வளவு நேரமா விளிக்கேன்! கஞ்சி ஆறுது, வாருங்க!"

பிரசீதா அடுக்களைப் பக்கம் திரும்பினாள். அங்கே யாரும் இல்லை. கழுவிக் கவிழ்த்த ஒரே ஒரு தட்டு மட்டும் இருந்தது.

"அவ செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. அந்த ரெண்டு வருஷமும் இந்த மழையை அழிக்கத்தான் போச்சு."

அதற்குள் டேப்பில் மோகனனின் பழைய குரல் சீறியது: "மிண்டாம இரி! வாயைத் திறக்காத!"

அதன்பிறகு ஓமனா பேசவில்லை.

"என்னோட இந்தச் சத்தம் மட்டும் போவ மாட்டேங்குது மக்கா," என்றார் அவர்.